வீசிய கன்றிலிருந்து காய்ச்சல் வார்டு வரை: கன்று வீச்சு நோய் எப்படிக் கண்காணிக்கப்படுகிறது?

சினை மாடு உரிய மாதத்துக்கு முன்பே கன்றை இழப்பதைக் கன்று வீச்சு என்பார்கள். கிராமங்களில் கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி முகாம் நடக்கும்போதெல்லாம் மாடு வளர்ப்போரிடமிருந்து ஒரே வகையான கேள்விகள் எழுகின்றன. கிடேரிக் கன்றுக்கு, அதாவது பெண் கன்றுக்கு, மட்டும் ஊசி போடுவது ஏன்? நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரை என்ற வயது வரம்பு எதற்கு? ஆட்டுக்கு ஏன் போடுவதில்லை? காதில் மஞ்சள் வில்லை மாட்டி அதன் எண்ணைக் கணினியில் ஏற்றுவதால் யாருக்கு என்ன பயன்? மறுபக்கத்தில், வாரக்கணக்கில் காய்ச்சலும் இடுப்பு வலியுமாக அலைந்தவரின் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் புரூசெல்லா என்ற சொல் வந்தால், அது என்ன நோய், எங்கிருந்து வந்தது என்று குடும்பமே திகைத்து நிற்கிறது. மாட்டில் கன்று வீச்சு என்று சொல்லப்படுவதும் மனிதரில் புரூசெல்லோசிஸ் என்று எழுதப்படுவதும் ஒரே கிருமியால் வருபவை. அந்தக் கிருமியைத் தொழுவிலிருந்து ஆஸ்பத்திரி வரை பின்தொடரும் ஏற்பாட்டைத்தான் கண்காணிப்பு என்கிறோம். திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி ஆகிய மூன்று மாவட்டங்களும் அடங்கிய நெல்லைச் சீமையை முன்வைத்து, அந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது, எங்கே அறுபடுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கிருமியும் அது தங்கும் இடமும்

புரூசெல்லா ஒரு பாக்டீரியா. அதன் வகைகளில் நமக்கு முக்கியமானவை இரண்டு. பசுவையும் எருமையையும் பெரும்பாலும் பீடிப்பது புரூசெல்லா அபார்ட்டஸ். வெள்ளாட்டையும் செம்மறியாட்டையும் பீடிப்பது புரூசெல்லா மெலிட்டென்சிஸ். மனிதருக்கு அதிகமாகவும் கடுமையாகவும் நோய் தருவது இந்த இரண்டாவது வகை.

சினை மாட்டின் கருப்பையில் இந்தக் கிருமி பெருகி, நஞ்சுக்கொடியைச் சிதைக்கிறது. சினையின் பிற்பாதியில், ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு, கன்று இறந்து வெளியே விழுகிறது அல்லது பிழைக்க முடியாத நிலையில் பிறக்கிறது. பல சமயம் நஞ்சுக்கொடி உரிய நேரத்தில் விழாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. காளைகளுக்கு விதை வீக்கம் வரலாம். சில மாடுகளுக்கு முழங்கால் மூட்டில் நீர்க்கட்டி தோன்றும்.

கண்காணிப்பைக் கடினமாக்குவது இதற்குப் பின் நடப்பது. நோய் கண்ட பசுக்களில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறைதான் கன்று வீசும். அடுத்த ஈற்று முழு மாதம் நின்று, பார்வைக்கு நல்லபடியாகவே முடியும். ‘ஒரு ஈத்து வீசிட்டு, இப்ப சரியாயிட்டு’ என்று வீட்டுக்காரர் நிம்மதி அடைகிறார். ஆனால் கிருமி பால்மடியிலும் நிணநீர் முடிச்சுகளிலும் தங்கிவிட்டது. ஒவ்வொரு ஈற்றிலும் கசிவுநீர் வழியாகவும், இடைப்பட்ட காலத்தில் பால் வழியாகவும் அது வெளியேறுகிறது. அந்த மாடு நோயுற்றதாகத் தோன்றிய நாள்கள் மிகச் சில. நோயைப் பரப்பும் ஆண்டுகளோ பல. கன்று வீசிய அந்த ஒரு நாளைத் தவறவிட்டால், பிறகு கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

மனிதருக்கு வரும் வழிகள்

1. தொடுதல். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, ஈற்றுக் கசிவு ஆகியவற்றில் கிருமி மிக அடர்த்தியாக இருக்கும். கையில் உள்ள சிறு கீறல், கண், வாய் வழியாக அது உடலுக்குள் புகும். கன்று ஈனும்போது கை கொடுப்பவர், தங்கிய நஞ்சுக்கொடியை எடுக்கும் கால்நடை மருத்துவர், அறுப்புக்கூடத் தொழிலாளி ஆகியோரே முதல் வரிசையில் இருக்கிறார்கள். நம் வீடுகளில் மாட்டைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் பெண்கள் என்பதால் அவர்களும் இதே வரிசையில்தான் சேர்கிறார்கள்.

2. பச்சைப் பால். 63 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமோ, 72 டிகிரியில் 15 விநாடியோ சூடாக்கினால் கிருமி சாகும். பொங்கக் காய்ச்சினால் ஐயமே இல்லை. பாலைக் காய்ச்சாமல் குடிக்கும் வழக்கம் இங்கே குறைவு என்பது நமக்குப் பெரிய பாதுகாப்பு. உடம்புக்கு நல்லது என்று கறந்த சூட்டிலேயே ஆட்டுப்பால் குடிப்பவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

3. மூச்சு. அடைத்த தொழுவிலும் ஆய்வகத்திலும் காற்றில் கலந்த நுண்துளிகள் மூலம் தொற்றலாம்.

4. ஊசி. கன்றுக்குப் போடப்படும் மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி. தவறுதலாகப் போடுபவர் கையில் குத்திவிட்டாலோ கண்ணில் தெறித்துவிட்டாலோ அவருக்கு நோய் வரக்கூடும். உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டிய விபத்து அது.

மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுவது மிக அரிது. எனவே ஒவ்வொரு மனித நோயாளிக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு விலங்கு இருக்கிறது.

கிராமங்களில் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழக்கம் இன்னும் உண்டு. நல்லபடியாக ஈன்ற, நோயற்ற மாட்டுக்கு அதைப் பற்றி இங்கே சொல்ல ஒன்றுமில்லை. கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை அப்படிக் கட்டினாலோ, ஓடைக்கரையில் எறிந்தாலோ, நாயும் காக்கையும் அதை ஊர் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்க்கும். நேரடி வெயிலில் இக்கிருமி விரைவில் அழியும். நிழலும் ஈரமும் உள்ள இடத்தில், சாண எருவில், மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால்தான் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்கச் சொல்கிறார்கள்.

மால்டா கற்றுத் தந்தது

மத்தியதரைக் கடலில் உள்ள மால்டா தீவில், காய்ச்சலில் இறந்த பிரிட்டிஷ் படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து இக்கிருமியை 1887இல் பிரித்தெடுத்தவர் டேவிட் புரூஸ். கிருமியின் பெயர் அவரிடமிருந்து வந்தது. ஆனால் அது வீரர்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பது அதன்பின் 18 ஆண்டுகள் தெரியவில்லை. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் சம்மித் என்ற மால்டா மருத்துவர் தீவின் வெள்ளாடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, வெளிப்பார்வைக்கு எந்தக் குறையும் இல்லாத ஆடுகளே கிருமியைச் சுமப்பது தெரியவந்தது. 1906இல் படைமுகாமில் ஆட்டுப்பால் நிறுத்தப்பட்டது. வீரர்களிடையே காய்ச்சல் சரிந்தது.

நோயாளிகளை எண்ணுவது மட்டும் கண்காணிப்பு ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நோயின் ஊற்று ஆட்டில் இருந்தது; ஆட்டைச் சோதிக்கும் வரை மருத்துவமனைக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயன்படவில்லை.

இரண்டு துறைகள், இரண்டு பதிவேடுகள்

விலங்குப் பக்கத்தில், 2009ஆம் ஆண்டின் விலங்குகளுக்கான தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் புரூசெல்லோசிஸை அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. சந்தேகம் எழுந்தால் தெரிவிக்கும் கடமை உரிமையாளரிடமிருந்தே தொடங்குகிறது. தகவல் கால்நடை மருந்தகத்துக்குப் போய், அங்கிருந்து மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்கு மாதிரிகள் செல்ல வேண்டும். நாடு தழுவிய கணக்கைத் தொகுப்பது பெங்களூரில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம்.

மனிதப் பக்கத்தில், 2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. களப்பணியாளர் அறிகுறிகளைப் பதிவது, மருத்துவர் ஐயப்படும் நோயைப் பதிவது, ஆய்வகம் உறுதியான முடிவைப் பதிவது என மூன்று படிவங்கள் அதன் அடித்தளம். களப்பணியாளரின் படிவத்தில் ஏழு நாளுக்கு மேற்பட்ட காய்ச்சல் என்ற ஒரு வரி உண்டு. டைபாய்டு, காசநோய் ஆகியவற்றோடு புரூசெல்லோசிஸும் அந்த வரியில் பெயரில்லாமல் கரைந்துவிடுகிறது.

கண்காணிப்பில் மூன்று முறைகள் உள்ளன. தகவல் தானாக வரும்வரை காத்திருப்பது ஒன்று. தேடிச் சென்று மாதிரி எடுப்பது இரண்டாவது. தேர்ந்தெடுத்த சில இடங்களைத் தொடர்ந்து கவனித்து, அவற்றை வைத்துச் சுற்றுவட்டார நிலையை ஊகிப்பது மூன்றாவது.

பால் கூட்டுறவுச் சங்கம் இந்த மூன்றாவது முறைக்குத் தோதான இடம். பல வீட்டுப் பால் ஒரே கேனில் கலப்பதால், பால் வளையச் சோதனை என்ற எளிய பரிசோதனையை அந்தக் கேனிலேயே செய்யலாம். சாயமேற்றிய இறந்த கிருமிகளைப் பாலில் கலந்தால், கிருமிக்கு எதிராக மாட்டின் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் பாலில் இருக்கும் நிலையில் அவை ஒட்டிக்கொண்டு ஏட்டோடு மேலெழுந்து வண்ண வளையமாகத் திரளும். கேனில் வளையம் தெரிந்தால் அந்தக் கேனுக்குப் பால் ஊற்றிய மாடுகளை மட்டும் தனித்தனியே சோதித்தால் போதும். சீம்பாலும் மடிவீக்கப் பாலும் கலந்தால் பொய்யான வளையம் வரும் என்ற குறை இதற்கு உண்டு. அதைவிடப் பெரிய குறை, சங்கத்துக்கு வராமல் நேரே வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் போகும் பால் இந்தக் கண்ணுக்குப் படவே படாது என்பது. ஆட்டுப்பாலிலோ கொழுப்புத் துளிகள் பசும்பாலைப் போலத் திரண்டு எழுவதில்லை; அதனால் ஆட்டுக்கு இச்சோதனையை நம்ப முடியாது.

‘பாசிட்டிவ்’ என்றால் நோய் உறுதியா?

குழப்பம் மிகுந்த இடம் இது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். களத்தில் முதலில் செய்வது ரோஸ் பெங்கால் தட்டுச் சோதனை. ஒரு துளி ரத்தநீரையும் சிவப்புச் சாயமேற்றிய கிருமிக் கரைசலையும் கலந்தால், எதிர்ப்பொருள் இருக்கும்போது சில நிமிடங்களில் சிறு கட்டிகள் தெரியும். அது காட்டுவது எதிர்ப்பொருளைத்தான், கிருமியை அல்ல. முன்பு போட்ட தடுப்பூசியாலும், மேற்பரப்பில் புரூசெல்லாவை ஒத்திருக்கும் யெர்சினியா போன்ற வேறு கிருமிகளின் தொற்றாலும்கூட எதிர்ப்பொருள் இருக்கலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். தொற்றுள்ள மாடுகளில் 90 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும், தொற்றில்லாத மாடுகளில் 5 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கும் ஒரு சோதனை நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. நோய் குறைவான ஊர்: 1,000 மாடுகளில் 20 மாடுகளுக்கு மட்டும் தொற்று. சோதனை அவற்றில் 18 மாடுகளைப் பிடிக்கும். தொற்றில்லாத 980 மாடுகளில் 49 மாடுகளைத் தவறாகக் காட்டும். பாசிட்டிவ் ஆன 67 மாடுகளில் உண்மையில் நோயுள்ளவை 18 மட்டுமே, அதாவது ஏறத்தாழ நான்கில் ஒன்று.

2. நோய் மிகுந்த பண்ணை: 1,000 மாடுகளில் 300 மாடுகளுக்குத் தொற்று. 270 மாடுகள் பிடிபடும். 35 மாடுகள் தவறாகச் சேரும். பாசிட்டிவ் ஆன 305 மாடுகளில் 270 உண்மையானவை, அதாவது பத்தில் ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு.

சோதனை ஒன்றுதான்; சீட்டில் உள்ள சொல்லும் ஒன்றுதான். அதன் பொருள் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே முதல் சோதனையில் பாசிட்டிவ் ஆனதை எலைசா போன்ற இரண்டாவது சோதனையால் உறுதி செய்யாமல் மாட்டை ஒதுக்குவதும், அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவதும் சரியல்ல. கன்று வீசிய மாடா, அதே தொழுவில் வேறு மாடுகளும் வீசினவா, தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்ற மூன்று செய்திகளும் சீட்டோடு சேர்ந்து வந்தால்தான் மருத்துவரால் முடிவுக்கு வர முடியும்.

நான்கு மாதம் முதல் எட்டு மாதம் வரை ஏன்?

2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், கோமாரியோடு கன்று வீச்சு நோயையும் இலக்காகக் கொண்டது. பசு, எருமைகளின் கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதுக்குள் வாழ்நாளில் ஒரே முறை ஊசி போடுவது இதன் மையம். வழக்கமாகப் பயன்படும் எஸ் 19 தடுப்பூசியின் கிருமி 1923இல் அமெரிக்காவில் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து பிரிக்கப்பட்டு, பின்னர் ஆய்வகத்திலேயே வீரியம் குறைந்துபோனது. வீரியம் குறைந்ததே தவிர, உயிரற்றது அல்ல.

இந்த வயதில் போட்டால், ஊசியால் தோன்றும் எதிர்ப்பொருள் கன்று வளர்வதற்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். பிற்காலச் சோதனை குழம்பாது. தாமதமாகப் போட்டால் அது நீண்ட காலம் தங்கி, ஊசியால் வந்த பாசிட்டிவையும் நோயால் வந்த பாசிட்டிவையும் பிரிக்க முடியாமல் செய்யும். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசக்கூடும்; காளைக் கன்றுக்குப் போட்டால் விதை பாதிக்கப்படக்கூடும். காது வில்லையின் 12 இலக்க எண்ணோடு ஊசி போட்ட நாளைப் பதிவதன் தேவை இப்போது விளங்கும். ஆறு ஆண்டு கழித்து அந்த மாடு வேறு ஊரில், வேறு கையில் சோதிக்கப்படும்போது, சீட்டின் பொருளைத் தீர்மானிப்பது அந்தப் பதிவுதான். வில்லையைக் கழற்றிவிட்டு மாட்டை விற்பது அதன் வரலாற்றையே அழிப்பதாகும்.

வெளியே நிற்கும் ஆடுகள்

மனிதருக்கு அதிகத் தீங்கு செய்யும் வகை ஆட்டில் இருக்கிறது. தடுப்பூசித் திட்டமோ மாட்டில் நிற்கிறது. நெல்லைச் சீமைக்கு இது சின்ன இடைவெளி அல்ல. கோவில்பட்டிக் கரிசலின் கன்னி ஆடும் கொடி ஆடும், சங்கரன்கோவில் பக்கத்துச் செவ்வாடும் இந்த மண்ணின் செல்வம். அறுவடைக்குப் பின் தாமிரபரணிப் பாசன வயல்களில் எருவுக்காகக் கிடை அமர்த்தும், அதாவது இரவில் அடைத்து வைக்கும், மந்தைகள் வாரக்கணக்கில் ஊர் ஊராக நகர்கின்றன. கிடையில் ஆள் படுப்பது ஆட்டுக்குப் பக்கத்தில். குட்டி ஈனுவதும் அங்கேயே. ஈன்ற குட்டியை எடுத்துத் துடைத்து, குட்டிகளை அடைக்கும் கூடாப்பில் விடுவதும் வெறுங்கையால்.

கிராமவாரியாகக் கணக்கெடுக்கும் எந்தப் பதிவேட்டிலும் இப்படி நகரும் மந்தை சரியாக விழுவதில்லை. சந்தைகளும் அப்படியே. செவ்வாய்க்கிழமை மேலப்பாளையத்திலும் சனிக்கிழமை எட்டயபுரத்திலும் கைமாறும் ஆடுகள் ஒரே நாளில் பல மாவட்டங்களுக்குப் பிரிகின்றன. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்கள் ஆயின. கண்காணிப்புக் கணக்கும் மாவட்டவாரியாகப் பிரிந்தது. ஆட்டு வணிகம் அப்படிப் பிரியவில்லை. மூன்று மாவட்டப் புலனாய்வுப் பிரிவுகளும் ஆட்டுக் கருச்சிதைவுத் தகவலை ஒரே பட்டியலாக வைத்துப் பார்ப்பது இங்கே அவசியம் என்பது என் உறுதியான கருத்து.

ஆட்டுக்கும் தடுப்பூசி இல்லாமலில்லை. ரெவ் 1 என்பது உலகின் பல நாடுகளில் ஆடுகளுக்குப் பயன்படும் உயிர்த் தடுப்பூசி. எதிர்ப்பொருள் நீடிப்பதைக் குறைக்க அதைக் கண்ணில் சொட்டாக இடுவதும் உண்டு. சினை ஆடுகளில் அது கருச்சிதைவை உண்டாக்கக்கூடும். மேலும், மனித நோய்க்குத் தரப்படும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அந்தக் கிருமி கட்டுப்படாது. சினைப் பருவமும் மந்தைப் பெயர்ச்சியும் துல்லியமாகத் தெரியாத இடத்தில் அதைக் கையாள முடியாது. ஆகவே ஆட்டுத் தடுப்பூசி பற்றிய பேச்சுக்கு முன்னால் ஆட்டுக் கருச்சிதைவின் பதிவு வந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்வி

மனிதருக்குக் கிருமி புகுந்து பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில், சிலருக்கு மாதங்கள் கழித்து, நோய் தெரியும். ஏறி இறங்கும் காய்ச்சல், இரவில் உடை நனையும் வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி, அசதி. ஆண்களுக்கு விதை வீக்கம் வரலாம். அரிதாக இதய வால்வு பாதிக்கப்பட்டு உயிருக்கு ஆபத்தாகலாம். டைபாய்டு என்று ஒரு வாரமும், முதுகெலும்புக் காசநோய் என்று பல மாதமும் மருத்துவம் தவறான பாதையில் போவது இதனால்தான்.

நீண்ட காய்ச்சலோடு வருபவரிடம், ‘வீட்டில் ஆடு மாடு உண்டா? அண்மையில் ஏதாவது கன்றோ குட்டியோ வீசியதா? நீங்கள் கையால் எடுத்தீர்களா?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். பதில் ஆம் என்றால் இரண்டு காரியங்கள் நடக்க வேண்டும். ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சருக்கு அனுப்பும்போதே புரூசெல்லா ஐயம் என்று ஆய்வகத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். மெதுவாக வளரும் கிருமி என்பதோடு, ஆய்வகப் பணியாளருக்கே எளிதில் தொற்றுவதும் ஆகும். மருந்து இரண்டு சேர்த்து, டாக்சிசைக்ளினோடு ரிஃபாம்பிசின் என்றால் ஆறு வாரம் முழுமையாகத் தர வேண்டும். காய்ச்சல் தணிந்த பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

உறுதியான ஒவ்வொரு மனித நோயாளியின் தகவலும் அதே வாரத்தில் அவருடைய ஊர்க் கால்நடை மருந்தகத்துக்குப் போக வேண்டும். கன்று வீச்சு உறுதியான ஒவ்வொரு தொழுவின் முகவரியும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வர வேண்டும். ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பாளையங்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரியும் ஒரே நகரத்தின் இரு பக்கங்களில் இருப்பது நெல்லைக்கு வாய்த்த நல்வாய்ப்பு. இந்தப் பரிமாற்றத்தை இங்கே வழக்கமாக்குவதற்குத் தொலைவு ஒரு தடையே அல்ல.

கன்று வீசிய வீட்டில் செய்ய வேண்டியது

1. வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை இல்லையென்றால் முழங்கை வரை தடித்த பிளாஸ்டிக் பையையாவது மாட்டுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் தொழுவுக்குள் வர வேண்டாம்.

2. கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கோ சொல்லுங்கள். மாதிரி எடுத்த பிறகே புதைக்க வேண்டும்.

3. வீசிய மாட்டைக் கசிவு நிற்கும்வரை மற்றச் சினை மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள். முடிவு தெரியும் முன் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

மூன்றாவதைச் சொல்வது எளிது. ஒரே கறவை மாட்டை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு, தகவல் சொன்னதால் கிடைப்பது பால் விலக்கும் ஊர்ப்பேச்சும் மட்டும் என்றால், அவர்கள் சொல்ல மாட்டார்கள். அதற்காக அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. முடிவு விரைந்து வருவது, இலவசப் பரிசோதனை, இழப்புக்கு ஈடு ஆகியவற்றைக் கண்காணிப்புச் செலவின் பகுதியாகவே அரசு கருத வேண்டும்.

எண்கள் கூடினால் நோய் கூடியதாகுமா?

தகவல் சொல்லும் பழக்கமும் பரிசோதனையும் பரவினால், பதிவாகும் எண்ணிக்கை முதல் சில ஆண்டுகள் ஏறும். நேற்றுவரை எண்ணப்படாதவை எண்ணப்படுவதால் வரும் ஏற்றம் அது. செய்தியில் ‘நோய் பரவுகிறது’ என்று அது வரக்கூடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்சவும் வேண்டாம். எண்ணே இல்லாத மாவட்டத்தைப் பார்த்து ஆறுதல் அடையவும் வேண்டாம். நிலைமையை அறிய விரும்புவோர் கேட்க வேண்டியவை வேறு: தெரியவந்த கன்று வீச்சுகளில் எத்தனைக்கு மாதிரி எடுக்கப்பட்டது, உரிய வயதுக் கிடேரிகளில் எத்தனை பங்குக்கு ஊசி போட்டு நாள் பதியப்பட்டது, சங்கக் கேன்களில் வளையம் தெரியும் கேன்களின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறதா, மனித நோயாளிகளில் எத்தனை பேருடைய தொழுவுக்கோ கிடைக்கோ கால்நடை மருத்துவர் போய்ப் பார்த்தார்.